இருக்கையில் இருந்தவன்

"அந்தப் பொம்பளை மறுபடியும் வந்து நிக்கறாக்கா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த ஜெயராம், கதவைத் தனக்குப் பின்னால் அழுத்திச் சாத்தினான்.

ஹம்சா கணவரின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "எந்தப் பொம்பளை?"

"ராகேஷோட பொண்டாட்டி. லிஃப்ட் பக்கத்துல நிக்கறா. மேல விடாதேன்னு செக்யூரிட்டிகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். எப்படியோ ஏறி வந்துடறா."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உமாசங்கர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அவர் தூங்கவில்லை என்று ஹம்சாவுக்குத் தெரியும். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு, தூங்குகிறவர் விடும் மூச்சுக்கும் தூங்குவதுபோல் விடும் மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா?

போன வாரம் வரை அவர்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. உப்பலைத் தாண்டி இருக்கும் ஒரு பெரிய கோடவுனில் உமாசங்கர் ஷிஃப்ட் இன்சார்ஜ். மச்சினன் ஜெயராமுக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். காலையில் ஒரே பைக்கில் அல்வாலிலிருந்து இரண்டு பேரும் கிளம்புவார்கள். சாயங்காலம் ஒரே பைக்கில் திரும்புவார்கள்.

அன்றைக்கு பைக் திரும்பவில்லை. போன்தான் வந்தது.

சரக்கு அடுக்கிய பலகையை இரண்டு இரும்புக் கரங்களால் தூக்கிக்கொண்டு ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி, உமாசங்கரின் வலது காலை இரும்பு ரேக்கோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ஓட்டியவன் டிரைவர் ராகேஷ் என்றது கம்பெனி. கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்றது. அவன் வண்டியின் இருக்கையில் இருந்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். ராகேஷை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்; போலீஸும் ஒருநாள் பூராவும் ஸ்டேஷனில் உட்கார வைத்து அனுப்பியது.

ஒருத்தர் மட்டும் ராகேஷ் பெயரைச் சொல்லவே இல்லை. கால் நசுங்கிய உமாசங்கர்.

"எனக்கு ஞாபகம் இல்லை" என்பதுதான் யார் கேட்டாலும் அவர் பதில்.

முழங்காலுக்குக் கீழே எலும்பைத் துளைத்து வெளியே நீட்டிய கம்பிகளோடு அந்தக் கால், கட்டி முடிக்காத கட்டடம்போல் மெத்தைமேல் கிடந்தது. பாதத்துக்கு ரத்தம் ஓடுகிறதா என்று டாக்டர் தினமும் ஊசியால் குத்திப் பார்க்கிறார். கால் தங்குமா, எடுக்க வேண்டி வருமா என்று இந்த வாரக் கடைசியில்தான் சொல்வாராம்.

ஜெயராம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தான். தலைமாட்டுப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் எப்போதும் அந்தப் பக்கம்தான் உட்காருகிறான் என்பது இன்றைக்குத்தான் ஹம்சாவுக்கு உறைத்தது. கால் இருக்கும் பக்கம் அவன் வருவதே இல்லை.

"மாமா, நாளைக்கு லேபர் ஆபீஸர் வராராம். ஷ்யாம் சார் போன் பண்ணினார்." ஷ்யாம் என்பது கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர். "நீங்க நெறையப் பேச வேண்டாம். ராகேஷ்னு ஒரே ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சது."

"எனக்குத்தான் ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டேனே" என்றார் உமாசங்கர், கண்ணை மூடியபடியே.

"ஞாபகம் இல்லைன்னா கேள்வி மேல கேள்வி வரும் மாமா. ஆபீஸர் கேட்டா ஹவ், ஆமான்னு தலையாட்டுங்க, போதும்."

உமாசங்கர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஹம்சா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடிபட்டவருக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் வரவேண்டும் என்ற அவசரம் இவனுக்கு எதற்கு?

"அவன் அவ்வளவு வேகமாவா ஜெய் ஓட்டினான்?" என்று கேட்டாள்.

"வேகமெல்லாம் இல்லக்கா" என்றான் ஜெயராம், சட்டென்று. "லோடு அந்த உசரத்துக்கு இருந்தா முன்னால யார் நின்னாலும் தெரியாது. கண்ணுக்கு நேரா வெறும் அட்டைப்பெட்டிதான். சைடுல எட்டிப் பார்த்தா ரேக்கு மறைக்கும். பிரேக்கை மிதிச்சாலும் உடனே நிக்காது. அந்த வெயிட்டு தள்ளிக்கிட்டே போகும், காலுக்குக் கீழ வண்டி நம்ம பேச்சைக் கேக்காத மாதிரி..."

நிறுத்தினான். இட்லியைச் சட்னியில் தோய்த்தான்.

"டிரைவருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான்.

விபத்து நடந்தபோது மாடியில் ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்ததாகத்தான் அவன் முதல் நாள் சொன்னான். சத்தம் கேட்டுத்தான் கீழே ஓடிவந்தானாம். கண்ணுக்கு நேராக அட்டைப்பெட்டி தெரிவது வண்டியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கா, மாடியிலிருந்து ஓடிவந்தவனுக்கா?

சீச்சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அம்மா போனபோது ஜெயராமுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொள்ளக்கூடத் தெரியாது. ஸ்கூலுக்கு அனுப்பியது, ஜுரத்துக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டது, பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டபோது அப்பாவின் அடியிலிருந்து இழுத்து மறைத்தது எல்லாம் அவள்தான். கல்யாணமாகி வந்தபோது சீர் சாமான்களோடு அவனையும்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். உமாசங்கர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

இருந்தாலும் நினைப்பு போகவில்லை.

"நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வரேன். மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்" என்று எழுந்தாள்.

"பைக்ல விடறேன்க்கா."

"நக்கோ, வேண்டாம். நீ மாமாகிட்ட இரு. நர்ஸ் வந்து டிரிப்ஸ் மாத்தறவரைக்கும் நகராதே."

லிஃப்ட் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். ஒல்லியான, கறுத்த பெண். துப்பட்டாவை இறுக்கிப் பிடித்தபடி சுவரோடு ஒட்டியிருந்தாள். ஹம்சாவைக் கண்டதும் ஓர் அடி முன்னால் வந்தாள், பிறகு பயந்து நின்றாள்.

"நீதான் ராகேஷோட வீட்டுக்காரியா?"

"ஹவ் அக்கா. என் பேர் ஸ்வரூபா."

தெலுங்கில்தான் பேசினாள். ஹம்சாவுக்கு அது ஒரு பொருட்டில்லை. பிறந்து வளர்ந்த இந்த ஊரில் காய்கறிக்காரனிடம் பேரம் பேசியதும், பக்கத்து வீட்டோடு தண்ணீருக்குச் சண்டை போட்டதும் அந்தத் தெலுங்கில்தானே.

"எதுக்கு இங்க வந்து வந்து நிக்கறே? உன் புருஷனால என் வீட்டுக்காரர் எப்படிக் கெடக்கறார் தெரியுமா?"

"நான் எதையும் கேட்டு வரலக்கா. ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்து அவர் கையைப் பாருங்க. பார்த்துட்டு அப்புறம் வேணும்னா காறித் துப்புங்க."

"கையில என்ன?"

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. வந்து பாருங்க."

ஹம்சாவுக்குச் சந்தேகம் தட்டியது. இதெல்லாம் வக்கீல் சொல்லிக்கொடுத்த வேலையாக இருக்கும். அடிபட்டவரின் மனைவியையே வீட்டுக்கு வரவழைத்து, அவள் வாயிலிருந்து ஏதாவது ஒரு வார்த்தையைப் பிடுங்கி, நாளைக்கு ஆபீஸர் முன்னால் போட்டுக் காட்டுவார்கள்.

"போன்ல ரெகார்ட் போட்டிருக்கியா?" என்று கேட்டாள்.

ஸ்வரூபா ஒரு கணம் புரியாமல் விழித்தாள். பிறகு தன் போனை எடுத்து ஹம்சாவின் கையில் திணித்தாள். "நீங்களே வெச்சுக்குங்க. எங்க வீட்டுக்கு வந்து திரும்பற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

மெட்ரோவில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து போனார்கள். மெட்டுகூடா, தார்நாக்கா என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கதவு திறந்து மூடியது. ஸ்வரூபா குனிந்த தலை நிமிரவில்லை. ஹம்சா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறவள் இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு வருவாளா? இல்லை, இதுவும் நடிப்பா?

உப்பலில் இறங்கி ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம். பட்டறைகளுக்குப் பின்னால் நெருக்கமாகக் கட்டிய தகரக் கூரை வீடுகளில் ஒன்றில் ராகேஷ் இருந்தான்.

அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். இடது கை மார்போடு தூளியில் தொங்கியது. நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் பெரிய கட்டு.

"உமா சார் எப்படி இருக்கார் மேடம்?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

ஹம்சா அந்தக் கையைக் காட்டினாள். "கையில என்ன?" என்றாள்.

"பலகை ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு மேடம். அன்னிக்கு மத்தியானம்தான். சார் கால்ல படறதுக்கு முன்னாடி."

"முன்னாடியா?"

"ஹவ் மேடம். எலும்பு வெளிய தெரிஞ்சுது. சார்தான் மெயின் ரோடு கிளினிக்குக்குப் போய்க் கட்டிக்கிட்டு வான்னு அனுப்பினார். கட்டிக்கிட்டு இருக்கும்போதே பையனுங்க கத்திக்கிட்டு ஓடினாங்க, உமா சார் மாட்டிக்கிட்டார்னு. நானும் ஓடினேன்."

அவன் மேலே சொல்லிக்கொண்டே போனான்.

கூட்டம் சுற்றிலும் நின்றிருக்கிறது. வண்டியை யாரும் தொடவில்லை. தப்பான லீவரை இழுத்தால் லோடு முழுவதும் சாரின் மேலேயே சரிந்துவிடுமே என்ற பயம். சாவி ஆனில்தான் இருந்ததாம். ராகேஷ் ஏறி உட்கார்ந்து, ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மெதுவாகப் பின்னால் எடுத்து, காலை விடுவித்திருக்கிறான்.

"அதைத்தான் எல்லாரும் பார்த்தாங்க மேடம். நான் சீட்ல இருந்ததை. ஸ்டீயரிங் பூரா என் ரத்தம்."

"வண்டியை எடுக்கறப்பவே உன் கை அடிபட்டிருக்கலாமே?" ஹம்சாவின் குரல் அவளுக்கே கொஞ்சம் கடுமையாகப் பட்டது.

ராகேஷ் கோபப்படவில்லை. "கிளினிக் தொறந்துதான் இருக்கும். டாக்டரையே கேளுங்க."

"சரி. அப்போ அதுக்கு முன்னால வண்டியில யார் இருந்தா?"

ஸ்வரூபா வாயைத் திறந்தாள்.

"நக்கோ ஸ்வரூபா" என்றான் ராகேஷ். பிறகு ஹம்சாவைப் பார்த்தான். "நான் வரும்போது சீட் காலியா இருந்தது மேடம். பார்க்காததை நான் சொல்ல மாட்டேன். என்னைப் பத்திப் பார்க்காததைச் சொன்னதாலதானே இப்படி உட்கார்ந்திருக்கேன்."

"பக்கத்துல யார் இருந்தா? அதைப் பார்த்திருப்பே இல்ல?"

அவன் தயங்கினான். கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டான்.

"ஜெயராம் சார் ரேக்குக்குக் கீழ தரையில உட்கார்ந்திருந்தார் மேடம். வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தார்."

ஹம்சா ஸ்வரூபாவின் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கிளினிக் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

கிளினிக் டாக்டர் வயதானவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைச் சந்தேகத்தோடு பார்த்தார். "நீங்க இன்ஷூரன்ஸா? பத்திரிகையா?"

"அந்தக் கோடவுன்ல கால் நசுங்கினவரோட மனைவி."

அதைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாதிதான் கட்டியிருந்தேன்மா. கட்டுத்துணி தரையில இழுபட இழுபட ஓடினான். டேய் டேய்ன்னு பின்னாலயே கத்தினேன். ராத்திரி திரும்ப வந்தான், மண்ணும் கிரீஸுமா. தையல் பிரிஞ்சு போய், மறுபடி எல்லாம் போட்டேன்."

"இதை லேபர் ஆபீஸர்கிட்ட சொல்வீங்களா?"

"யாரும் கேட்கலையே. அங்கேருந்து எத்தனையோ பேர் வராங்க. விரல், கணுக்கால், முதுகு. எப்படிப் பட்டதுன்னு கேட்டா வீட்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லுவாங்க. அப்படிச் சொல்லச் சொல்லித்தான் அனுப்பறாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டா சொல்றேன்மா. இந்த வயசுல எனக்கு என்ன பயம்?"

வெளியே வந்தபோது போன் அடித்தது. ஜெயராம்.

"எங்கக்கா இருக்கே?"

"வீட்லதான். இப்பத்தான் குளிச்சேன்."

போனில் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. குக்கர் ஒன்று விசில் அடித்தது. அது எந்தக் குக்கர் என்று ஹம்சாவுக்குத் தெரியும்.

"நானும் வீட்லதான்க்கா இருக்கேன்" என்றான் ஜெயராம். "தேஜூ வந்து அவ அப்பாகிட்ட உட்கார்ந்திருக்கா. உனக்கு மாத்துப் புடவை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

முப்பது வருடத்தில் அக்காவும் தம்பியும் ஒருவரிடம் ஒருவர் சொன்ன பொய்களெல்லாம் சின்னப் பொய்கள். இப்போது இரண்டு பெரிய பொய்கள் போனின் இரண்டு முனையிலும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன.

"உப்பல்ல இருக்கேன்" என்றாள் ஹம்சா.

"அவனைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"என்ன சொன்னான்?"

"நீ என்ன சொல்லணும்னு நினைக்கிறே ஜெய்?"

போன் துண்டிக்கப்பட்டது. அவள் திரும்ப அடித்தாள். பிஸி. மறுபடி அடித்தாள். பிஸி. அவன் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரி அறையில் மகள் தேஜஸ்வினி அப்பாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தேஜூ, கேன்டீன்ல போய் ஒரு காபி குடிச்சிட்டு வா."

"நாகு வத்தும்மா, வேணாம். இப்பத்தான் ஒண்ணு குடிச்சேன்."

"போன்னா போ."

அம்மாவின் முகத்தைப் பார்த்த தேஜஸ்வினி மேற்கொண்டு பேசாமல் வெளியே போனாள். ஹம்சா கதவைச் சாத்திவிட்டு, கால் பக்கமாகப் போய் நின்றாள்.

"ஜெய்தானே ஓட்டினான்?"

உமாசங்கர் மேலே ஃபேனைப் பார்த்தார்.

"என் தம்பிங்கறதுக்காகத்தானே வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க? என்னங்க, அவன் உங்க காலை எடுத்துட்டான். நீங்க அவனைக் காப்பாத்தறீங்க. நடுவுல அந்த ராகேஷ் என்ன பாவம் பண்ணினான்?"

"ஹம்சா..."

"இல்ல, சொல்லுங்க. அவன்தானே?"

"அவன்தான்." அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏறச் சொன்னது நான்."

ஹம்சாவின் கை கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"பண்டிகைச் சரக்கு. வாசல்ல லாரி நிக்குது. ஷ்யாம் போன்ல கத்தறான். ராகேஷுக்கு விரல்ல அடி. இன்னொரு டிரைவர் லீவு. ஜெய் சொன்னான், மாமா எனக்கு லைசென்ஸ் இல்ல, சும்மா காலி வண்டியை நகர்த்தித்தான் பழக்கம்னு. நான்தான், ரெண்டு தடவை போயிட்டு வந்தா முடிஞ்சுதுடா, ஏறுன்னேன்."

"அப்புறம்?"

"லோடு அவன் கண்ணை மறைச்சுது. அந்த மாதிரி லோடைப் பின்பக்கமாத்தான் ஓட்டிட்டுப் போகணும். அவனுக்கு அது வராது. அதனால நான் முன்னால நடந்து கை காட்டிக்கிட்டே போனேன். ஆளுங்க நடக்கற வழியிலயும் சரக்கை அடுக்கி வெச்சிருந்தாங்க. அடுக்கச் சொன்னதும் நான்தான். திரும்பற இடத்துல ஒதுங்க எனக்கு இடம் இல்ல."

தன் கணவரை முதல்தடவையாகப் பார்ப்பதுபோல் ஹம்சா பார்த்தாள். காலையிலிருந்து தம்பியைச் சந்தேகப்பட்டாள். ராகேஷைச் சந்தேகப்பட்டாள். அந்தப் பெண்ணின் போனைக்கூட வாங்கி வைத்துக்கொண்டாள். இவரை மட்டும் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

"ராகேஷ் விரல் அடிபட்டதை ஏன் மேல சொல்லல?"

"சொன்னா அன்னிக்கு வேலையை நிறுத்தணும். விசாரணை வரும். அதனால வெளி டாக்டர்கிட்ட போடான்னு அனுப்பினேன். ஷ்யாமும் அதைத்தான் சொல்லுவான். எப்பவும் அதைத்தான் செய்வோம்."

"உங்களைக் கீழேருந்து எடுத்தது யாருன்னு தெரியுமா?"

"தெரியும்." உமாசங்கர் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். "குனிஞ்சு என்னைத் தூக்கும்போது அவன் கைக்கட்டு என் மூஞ்சியில பட்டுது. ஈரமா இருந்தது."

"தெரிஞ்சுமா?"

"ஷ்யாம் சொன்னான், வேகம் கொஞ்சம் கூடப் போச்சுன்னு ராகேஷ் மேல எழுதிட்டா சின்ன கேஸு, அவனுக்கு வேற கோடவுன்ல வேலை போட்டுக் கொடுத்துடலாம்னு. லைசென்ஸ் இல்லாதவனை ஏத்தினதா வெளிய வந்தா ஜெய் உள்ள போவான், நானும் போவேன், கம்பெனியே மூடணும்னான். எனக்கு வலி. மயக்கம். ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டேன். படுத்துக்கிட்டாப் போதும்னு தோணிச்சு."

அவர் அழுதார். இந்த ஒரு வாரத்தில் வலிக்கு அழாதவர். ஹம்சாவுக்கு அவர் கண்ணைத் துடைக்க வேண்டும் போலவும் இருந்தது, அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

"நாளைக்கு ஆபீஸர் வரும்போது என்ன சொல்லப் போறீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

தோல் பையோடு ஒருவர் நின்றிருந்தார். கூட ஒரு கிளார்க். "நான் ராகவேந்திரா. லேபர் டிபார்ட்மென்ட். உமாசங்கர் இவர்தானே?"

"நாளைக்குன்னு சொன்னாங்களே சார்?" என்றாள் ஹம்சா.

"நாளைக்குத்தான் வரதா இருந்தேன். கொஞ்ச நேரம் முன்னால கம்பெனியிலேருந்து போன் வந்தது. பேஷண்ட் தெளிவாப் பேசறார், இன்னிக்கே எடுத்துடுங்கன்னு."

கொஞ்ச நேரம் முன்னால். பிஸியாக இருந்த அந்த போன் ஹம்சாவின் காதில் திரும்ப ஒலித்தது.

அவள் உப்பலிலிருந்து வந்து சேர்வதற்கு முன்னாலேயே முடித்துவிடலாம் என்று ஜெய்யும் ஷ்யாமும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். டிராஃபிக்தான் ஆபீஸரைக் கொஞ்சம் தாமதமாக்கிவிட்டது.

ராகவேந்திரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல தெலுங்கில், அவசரமில்லாமல் கேட்டார். "அன்னிக்கு என்ன நடந்ததுன்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்க. வண்டியை ஓட்டினது ராகேஷ். சரிதானே?"

உமாசங்கர் மனைவியைப் பார்த்தார். ஹம்சா ஆமாம் என்றும் தலையாட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. இது அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்று நின்றாள்.

"ராகேஷ் இல்ல சார்."

கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"சீட்ல அவன் இருந்ததை நாலு பேர் பார்த்திருக்காங்களே?"

"என்னை வெளிய எடுக்க ஏறினான் சார். அவன் வரலைன்னா நான் இங்க படுத்திருக்க மாட்டேன்."

"அப்போ அதுக்கு முன்னால சீட்ல யார் இருந்தா?"

உமாசங்கர் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் கதவு திறந்தது. படியேறி ஓடிவந்த மூச்சு இரைக்க ஜெயராம் நின்றான். ஆபீஸரை, கிளார்க்கை, கட்டிலை என்று பார்த்துக்கொண்டே வந்த அவன் கண், அக்காவிடம் வந்து நின்றது. அதில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. இத்தனை வருடம் வளர்த்த முகம், அப்படியும் படிக்க முடியவில்லை.

"ராகேஷ்தான் சார்" என்றான் ஜெயராம். "மாமாவுக்கு மருந்து மயக்கம். தாறுமாறாப் பேசறார். நான் கூடவே இருந்தேன். என் கண்ணால பார்த்தேன்."

"டேய்..." என்றார் உமாசங்கர்.

"நீங்க படுங்க மாமா."

ராகவேந்திரா இரண்டு பேரையும் நிதானமாகப் பார்த்தார். "இவர் யாரு?"

ஜெயராம் ஒரே ஒரு அடி அக்காவின் பக்கம் நகர்ந்தான். சின்ன வயதில் அப்பாவின் கை ஓங்கும்போது அவள் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொள்வானே, அந்த அடி.

ஹம்சா அவனைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"என் தம்பி சார்" என்றாள். "இவன் சொன்னதை அப்படியே எழுதிக்குங்க. எழுதி முடிச்சதும் சொல்லுங்க, அப்புறம் நிஜமா நடந்ததை நான் சொல்றேன்."